நிலக்கரியோடு உமியா, கடலை ஓடா, மாங்கொட்டையா? கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளுக்கு ஓர் எரிபொருள் கணக்கு

பெங்களூரா மாங்காய் கிருஷ்ணகிரி ஆலைகளுக்குள் வரத் தொடங்குவது மே மாதக் கடைசியில்தான். ஆனால் அதைக் கூழாக்கும் நீராவிக்கு எதை எரிப்பது என்ற முடிவைப் பொங்கலுக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். கடலை உடைக்கும் மில்களில் ஓடு குவிந்து கிடப்பது மார்கழியிலும் தையிலும். சீசன் தொடங்கிய பிறகு அதைத் தேடி அலைந்தால் கிடைப்பது மிச்சமும் மீதியும்தான், அதுவும் மழையில் நனைந்தது. அதனால்தான் இதை இப்போதே எழுதுகிறேன்.

காவேரிப்பட்டணம், சந்தூர், பர்கூர் வட்டாரத்து ஆலைக்காரர்கள் பலர் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி. நிலக்கரியிலேயே தொடர்வதா, முழுக்க உமிக்கு மாறிவிடுவதா, இரண்டையும் கலந்து எரிப்பதா? பதினெட்டு ஆண்டுகளாக எஃப்.பி.சி. (புரளும் மணல் படுகையில் எரிபொருளை எரிக்கும்) பாய்லர்களோடு இருந்தவன் என்ற முறையில் என் பதில் இது: கலந்து எரியுங்கள், ஆனால் கரியை முழுவதுமாக விட்டுவிடாதீர்கள். ஏன் என்பதற்குக் காரணம் விலையில் பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதி சாம்பலில் இருக்கிறது.

பேச்சுக்கு ஒரு ஆலையை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 6 டன் நீராவி தரும் பாய்லர். சராசரியாக 5 டன் இழுக்கிறார்கள். நாளுக்கு 20 மணி நேரம் ஓடுகிறது. ஆக நாளொன்றுக்கு 100 டன் நீராவி, சீசனுக்கு 90 நாள். அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 10 கிலோ சுற்று வட்டாரத்தில். மேல்சூடேற்றம் இல்லாத சாதாரண நீராவி. நம் ஊர்க் கூழ் ஆலைகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் கூட்டிக் குறைத்தால் பொருந்திவிடும்.

எஃப்.பி.சி. என்பது மணலைக் கொதிக்க வைக்கும் அடுப்பு. அடியிலிருந்து வேகமாக வரும் காற்றில் 1 முதல் 2 மில்லி மீட்டர் அளவுள்ள மணல் துகள்கள் மிதந்து புரளும். பார்வைத் துளை வழியாகக் கண்ணாடி போட்டுப் பார்த்தால் உலை தளதளவென்று கொதிப்பதைப் போலவே இருக்கும். நீருக்குப் பதிலாக ஆரஞ்சு நிற மணல், அவ்வளவுதான் வித்தியாசம். அதன் வெப்பம் 800 முதல் 900 டிகிரி. அந்த மணலுக்குள் எந்த நேரத்திலும் இருக்கும் எரிபொருள் ஒரு சில சதவீதம்தான். மீதியெல்லாம் சூட்டைச் சேமித்து வைத்திருக்கும் மணல். அதனால்தான் தரம் குறைந்த கரியும், சாம்பல் நிறைந்த உமியும், ஓரளவு ஈரமான கொட்டையும் இதில் எரிகின்றன. கம்பிச் சட்ட அடுப்பில் இந்தச் சுதந்திரம் கிடையாது. மேட்டூர் போன்ற அனல்மின் நிலையங்கள் கரியை மாவாக அரைத்து ஊதி எரிப்பவை. 2021 அக்டோபரில் மத்திய மின் அமைச்சகம், அனல்மின் நிலையங்கள் 5 சதவீதம் வேளாண் கழிவை வில்லைகளாக்கிக் கரியோடு சேர்த்து எரிக்க வேண்டும் என்று கொள்கை அறிவித்தது. வில்லையாக்கும் செலவு அவர்களுடைய தலைவலி. நமக்கு அது தேவையில்லை. உமியை உமியாகவே போடலாம்.

முதலில் விலை. இன்று கரி டன் என்ன விலை, உமி டன் என்ன விலை என்று கேட்டு, குறைந்ததை வாங்குவது தவறான வழி. டன் விலை ஒன்றையும் சொல்லாது. ஒரு டன் நீராவிக்கு எத்தனை கிலோ எரிபொருள் என்பதுதான் கேள்வி. சூடேற்றிய நீரிலிருந்து ஒரு கிலோ நீராவி எடுக்க ஏறக்குறைய 600 கிலோ கலோரி வேண்டும். கிலோவுக்கு 5000 கிலோ கலோரி உள்ள இறக்குமதிக் கரியை 78 சதவீதத் திறனில் எரித்தால் ஒரு டன் நீராவிக்கு 154 கிலோ ஆகும். உமியில் 3100 கிலோ கலோரி, திறன் 75 சதவீதம் என்று வைத்தால் 258 கிலோ. காய்ந்த கடலை ஓட்டில் 4000 கிலோ கலோரி, அதே திறன் என்றால் 200 கிலோ.

இதிலிருந்து எந்த ஆண்டுக்கும் உதவும் ஒரு விகிதம் கிடைக்கிறது. ஆலை வாசலில் இறங்கும் உமியின் விலை, கரி விலையில் 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் உமியில் லாபம். கடலை ஓட்டுக்கு அந்தக் கோடு 77 சதவீதம். ‘ஆலை வாசலில் இறங்கும் விலை’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். கரி எண்ணூர் துறைமுகத்திலிருந்து சென்னை நெடுஞ்சாலை வழியாக இருநூற்றைம்பது கிலோ மீட்டருக்கு மேல் வருகிறது. உமி ஆரணி, போளூர், செங்கம் பக்கத்து அரிசி ஆலைகளிலிருந்து ஊத்தங்கரை வழியாக வருகிறது. தூரம் குறைவு என்று மகிழ்வதற்கு முன் லாரியைப் பாருங்கள். உமி ஒரு கன மீட்டருக்கு 110 கிலோதான் நிற்கும். கரி 800 கிலோ. உமி லாரி சுமப்பதில் பெரும்பகுதி காற்று. டீசல் செலவு அந்தக் காற்றுக்கும் சேர்த்துத்தான்.

இடமும் அப்படியே. முழுக்கக் கரியில் ஓடினால் நாளொன்றுக்கு 15.4 டன், அதாவது 19 கன மீட்டர். முழுக்க உமி என்றால் 25.8 டன், அதாவது 235 கன மீட்டர்! ஒரு வாரக் கையிருப்பு வைத்துக்கொள்ள வேண்டுமானால் மாம்பழ லாரிகள் நிற்கும் இடமெல்லாம் உமி மலையாகிவிடும். காற்றடித்தால் அது கூழ் அறைப் பக்கமும் பறக்கும். உணவு ஆலைக்குள் உமித் தூசி என்பது ஏற்றுமதித் தணிக்கைக்கு வருபவர் குறிப்பேட்டில் முதல் வரியாக எழுதும் விஷயம். உமி சாம்பலோ நூற்றுக்குப் பதினெட்டு கிலோ. நாளொன்றுக்கு 4.6 டன். கரியில் 8 சதவீதச் சாம்பல் என்றால் 1.2 டன்தான். இத்தனையும் பார்த்த பிறகு, ஆண்டு முழுவதும் ஓடும் அரிசி ஆலைக்கு உமி பாய்லர் எவ்வளவு பொருத்தமோ, மூன்று மாதம் மட்டும் தலைகால் புரியாமல் ஓடும் கூழ் ஆலைக்கு முழு உமி அவ்வளவு பொருத்தமற்றது என்பேன்.

சரி, கலந்தால்?

இங்கே ஒரு எச்சரிக்கை. ‘முப்பது சதவீதம் உமி கலக்கிறோம்’ என்று சொல்பவரிடம், எதில் முப்பது என்று கேளுங்கள். வெப்பத்தில் முப்பது சதவீதம் உமியிலிருந்து வர வேண்டுமானால் நாளொன்றுக்குக் கரி 10.8 டன், உமி 7.7 டன். எடையில் பார்த்தால் உமி 42 சதவீதம். கொள்ளளவில் பார்த்தால் 84 சதவீதம். லோடர் ஓட்டுநருக்குத் தெரிவது பக்கெட் கணக்கு, கணக்குப்பிள்ளைக்குத் தெரிவது எடைமேடைச் சீட்டு, பாய்லருக்குத் தெரிவது வெப்பம். மூவரும் ஒரே எண்ணைச் சொல்லி மூன்று வெவ்வேறு கலவைகளை மனதில் வைத்திருப்பார்கள். பல ஆலைகளில் சோதனை ஓட்டம் கெட்டுப்போனது இந்தக் குழப்பத்தில்தான். நான் இனி சதவீதம் என்று எழுதும் இடமெல்லாம் வெப்பப் பங்கையே குறிக்கிறேன்.

முப்பது சதவீத உமிக் கலவையில் மொத்தச் சாம்பல் நாளொன்றுக்கு 2.2 டன் அளவில் நிற்கும். ஒரு டிராக்டர் டிரெய்லர் சமாளித்துவிடும். உமிக்கு நாளுக்கு ஒன்றிரண்டு லாரி போதும். கரி லாரி ஒரு நாள் தாமதமானாலும் உமியைக் கூட்டி ஓட்டலாம். உமி நனைந்துவிட்டால் கரியைக் கூட்டலாம். மழைக்காலத்தில் இரு கால் ஊன்றி நிற்பதன் நிம்மதி, இரவு இரண்டு மணிக்கு ஃபோன் எடுத்துப் பழகியவர்களுக்குத் தெரியும்.

இனி சாம்பல் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்ல எனக்கே நேர்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் இந்த மாவட்டத்தில் ஓர் ஆலையில் ஷிப்ட் பொறுப்பில் இருந்தேன். ஜூலை முதல் வாரம், பழ வரத்து உச்சத்தில். கரி லாரிகள் வரவில்லை. கிடங்கில் கடலை ஓடு நிறைய இருந்தது. பக்கத்துக் கயிறு ஆலையிலிருந்து காய்ந்த தேங்காய் மட்டைத் துணுக்குகளும் மலிவாகக் கிடைத்தன. கரி இல்லாமலே ஓட்டுங்கள் என்றார்கள். ஓட்டினோம். முதல் மூன்று நாளும் நீராவி பிரமாதமாக வந்தது. வெப்பம் 900 டிகிரிக்கு மேலே போனபோதும் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான்காம் நாள் விடியற்காலை, படுகையின் இடது பக்க வெப்பமானி 890 காட்டியது, வலது பக்க வெப்பமானி 740. எப்போதும் பத்து இருபது டிகிரிக்குள் சேர்ந்தே ஓடுபவை அவை. பாரூர்க்காரரான மூத்த ஆபரேட்டர் பார்வைத் துளையில் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். “தம்பி, மணல் புரளவில்லை. வலது மூலை செத்துப்போய்விட்டது” என்றார். “அண்ணே, கொஞ்சம் மணலை வடித்துப் பார்க்கலாமா?” என்று கேட்டேன். வடிகுழாயைத் திறந்தோம். மணல் வரவே இல்லை.

ஆறவைத்துக் கதவைத் திறக்க ஒரு பகலும் ஓர் இரவும் போயின. உள்ளே கட்டில் அளவுக்கு ஒரு பாறை. கடப்பாரையால் தட்டியபோது கல்லின் ஓசை வரவில்லை, பீங்கான் ஓசை வந்தது. ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கடலை மிட்டாயில் பருப்புகள் பாகில் ஒட்டியிருப்பதைப் போல மணல் துகள்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தன. அவற்றைச் சுற்றிப் பச்சை கலந்த மெல்லிய கண்ணாடிப் பூச்சு. துகள்கள் உருகவில்லை, அவற்றின் மேல்தோல் மட்டுமே உருகி ஒன்றோடொன்று கை கோத்திருந்தது. வெளியே பழ லாரிகள் வரிசையாக நின்றன. பெங்களூரா இரண்டு நாள் வெயிலில் நின்றால் என்னாகும் என்று விவசாயிகளுக்குத் தெரியும். அந்த லாரிகளின் ஓட்டுநர்கள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை.

நடந்தது என்ன? கடலை ஓட்டிலும் தேங்காய் மட்டையிலும் பொட்டாசியம் அதிகம். வளரும் செடி மண்ணிலிருந்து உறிஞ்சிச் சேர்த்தது அது. ஆற்று மணல் சிலிக்கா. தனியாக இருக்கும்வரை மணல் நம் அடுப்புச் சூட்டைத் தாங்கும். பொட்டாசியம் சேர்ந்தால் 800 டிகிரிக்குக் கீழேயே இளகத் தொடங்கும் கண்ணாடி உருவாகிறது. துகள் ஒட்டினால் புரளாது. புரளாவிட்டால் சூடு சீராகப் பரவாமல் எரியும் பக்கத்தில் குவியும். சூடு கூடினால் இன்னும் ஒட்டும். தொடங்கிவிட்டால் தானே வளரும் நோய் அது.

நிலக்கரி இதைத் தடுக்கிறது என்பதுதான் நான் சொல்ல வந்த விஷயம். கரிச் சாம்பலின் பெரும்பகுதி களிமண் வகை, அலுமினாவும் சிலிக்காவும் சேர்ந்தது. பொட்டாசியம் மணலைத் தேடிப் போவதற்கு முன் இந்தக் களிமண் அதைப் பிடித்துக்கொள்கிறது. அப்படிப் பிறக்கும் கலவை நம் படுகையின் சூட்டில் உருகாது. கரியில் உள்ள கொஞ்சம் கந்தகமும் உதவுகிறது. குழாய்களில் ஒட்டிப் படியும் பொட்டாசியம் குளோரைடை, அவ்வளவு தொல்லை தராத சல்பேட்டாக மாற்றுகிறது. கரி எரிபொருள் மட்டுமல்ல, படுகைக்குக் காவலாளியும்கூட. முழுவதும் வேளாண் கழிவுக்கு மாறும்போது நாம் வெளியேற்றுவது அந்தக் காவலாளியைத்தான்.

இதிலிருந்து ஒரு விசித்திரமான முடிவு வருகிறது. சாம்பல் குறைந்த இந்தோனேசியக் கரியைவிட, முப்பது நாற்பது சதவீதம் சாம்பல் உள்ள தெலங்கானாவின் சிங்கரேணிக் கரி கடலை ஓட்டுக்கு நல்ல துணை. அந்தச் சாம்பலைத்தான் எல்லோரும் குறை சொல்கிறோம், ஆனால் களிமண் அதில்தான் இருக்கிறது. உமிக்கு இந்தத் துணை தேவையில்லை. உமியின் சாம்பலில் பத்தில் ஒன்பது பங்குக்கு அருகில் சிலிக்கா, பொட்டாசியம் குறைவு. உமியும் வைக்கோலும் ஒரே பயிரில் பிறந்தவைதாம். ஆனால் வைக்கோலில் பொட்டாசியம் மிகுதி, அது பாறை கட்டும், உமி கட்டாது. ‘எல்லாம் நெல்தானே’ என்று வைக்கோலை வெட்டிப் போட்டுவிடாதீர்கள். ஆக உமியோடு இறக்குமதிக் கரி, கடலை ஓட்டோடு நாட்டுக் கரி என்பது என் துணிபு. நாட்டுக் கரி கிடைக்காவிட்டால் ஆற்று மணலுக்குப் பதில் உடைத்த தீச்செங்கல் துகளைப் படுகையாகப் போடுங்கள். அதுவும் களிமண் குலம்தான். மணலைவிட விலை கூடுதல், ஆனால் ஒரு நாள் ஆலை நிற்கும் நஷ்டத்தோடு வைத்துப் பார்த்தால் ஒன்றுமேயில்லை.

நம்முடையது சாதாரண நீராவி என்பதால் ஒரு கவலை குறைகிறது. சர்க்கரை ஆலைகளின் மின் உற்பத்திப் பாய்லர்களில் நீராவியை 500 டிகிரிக்கு மேலும் சூடேற்றுகிறார்கள். அந்தச் சூட்டில் சாம்பலில் உள்ள குளோரின், குழாயின் உலோகத்தையே தின்னும். நம் குழாய்ச் சுவர் அந்த வெப்பத்துக்கு அருகிலேயே போவதில்லை. நமக்கு ஆபத்து படுகையிலும் குழாயின் மேல் படியும் ஒட்டுச் சாம்பலிலும்தான்.

இனி ஒவ்வொரு கழிவாக. கரும்புச் சக்கையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பாலக்கோட்டிலும் கோபாலபுரத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன, ஆனால் சக்கையை முதலில் எரிப்பது அவர்களே. வெளியே வருவதை நம்பித் திட்டம் போட முடியாது. மரவள்ளித் திப்பி ஆலையிலிருந்து வரும்போது பெரும்பகுதி தண்ணீர். காய்ந்தால் மாட்டுத் தீவனம். தீவனமாகும் பொருளை அடுப்பில் போடுவது எனக்கு மனம் ஒப்பாது. கணக்கும் ஒப்பாது. புளி உடைக்கும் வீடுகளில் மாசி, பங்குனியில் ஓடு சேர்கிறது. நல்ல எரிபொருள், ஆனால் இங்கே ஒரு மூட்டை அங்கே ஒரு மூட்டை. வந்தால் சேர்த்துக்கொள்ளலாம். பிரிக்கெட் (கழிவை அழுத்திச் செய்த) கட்டைகள் சேமிக்க வசதி, ஆனால் எஃப்.பி.சி.யில் போட அதை மறுபடி உடைக்க வேண்டும். உடைப்பதற்காகவா அழுத்திக் கட்டிய கூலியைக் கொடுத்தோம்? தென்னை நார்க்கழிவில் உப்பும் பொட்டாசியமும் ஈரமும் சேர்ந்தே இருக்கும். என்னைக் கேட்டால் அறவே வேண்டாம்.

மாங்கொட்டையைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அது நம் சொந்தப் பொருள். பழத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கூழாகப் போக, மீதி தோலும் கொட்டையுமாக வாசலுக்கு வருகிறது. சீசனில் ஆலைக்குப் பின்னால் குவியும் கொட்டையின் புளித்த நாற்றமும் ஈ மொய்ப்பும் சுற்றியுள்ள ஊர்க்காரர்களின் நியாயமான புகார். அதை எரித்தால் புகாரும் தீரும், கரியும் மிச்சமாகும் என்று எல்லோருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது.

சிக்கல் ஈரம். கூழ் இயந்திரத்திலிருந்து விழும் கொட்டையில் பாதி தண்ணீர். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்கி வெளியே அனுப்பவே 600 கிலோ கலோரி வீணாகும். ஈரக் கொட்டை ஒரு கிலோவில் கையில் கிடைப்பது 1800 கிலோ கலோரி அளவில்தான். அதைவிட மோசம், ஒரு டிரம் ஈரக் கொட்டை ஒரே நேரத்தில் விழுந்தால் படுகை வெப்பம் சட்டென்று 40, 50 டிகிரி இறங்கிவிடும். அந்த நேரம் பார்த்துக் கூழ் சூடேற்றும் கருவி நீராவி கேட்கும். நான்கைந்து நாள் சிமெண்ட் களத்தில் பரப்பிக் காயவைத்தால் கதை மாறிவிடும். கையில் இரண்டு கொட்டையை எடுத்துத் தட்டிப் பாருங்கள். ஈரமானது ‘தப்’ என்கும். காய்ந்தது மரக்கட்டை போலக் ‘கணீர்’ என்கும், குலுக்கினால் உள்ளே பருப்பு ஆடும். பருப்பு ஆடும் கொட்டைதான் அடுப்புக்குத் தகுதி.

அந்தப் பருப்பையும் சேர்த்து எரிப்பதா என்று யோசியுங்கள். மாம்பருப்பில் கொழுப்பு இருக்கிறது. கோகோ வெண்ணெய்க்கு மாற்றாகப் பயன்படும் கொழுப்பு அது. பருப்பை எடுப்பவர் கிடைத்தால் கொட்டையை உடைத்துப் பருப்பை விற்று, ஓட்டை மட்டும் எரிப்பதே சரி. உடைத்த ஓடு அளவிலும் சிறிது, சீக்கிரம் காயும், சீராக எரியும். முழுக் கொட்டையோ மணலில் புதைந்து நேரம் எடுத்துக்கொள்ளும். எப்படியானாலும் கொட்டையை உடைக்கும் இயந்திரம் ஒன்று வேண்டும். தோலை எரிக்க முயலவே வேண்டாம். அது தண்ணீர் நிறைந்த பொருள், சாண எரிவாயுக் கலனுக்குத்தான் ஏற்றது.

கலப்பது எப்படி என்பதில் பலர் தவறுகிறார்கள். களத்தில் லோடரால் கரியையும் உமியையும் புரட்டி ஒன்றாகப் பங்கரில் (எரிபொருள் தொட்டியில்) கொட்டுவது எளிது, செலவில்லை. ஆனால் நாலு மீட்டர் உயரத்திலிருந்து கொட்டும்போதே கரி கீழே போகும், உமி மேலே தங்கும். பங்கர் காலியாகும்போது முதல் ஒரு மணி நேரம் அடுப்புக்குக் கரி, அடுத்த மணி நேரம் உமி. ஆபரேட்டர் காற்றைக் கூட்டுவதும் குறைப்பதுமாக இரவெல்லாம் அலைவார். உமிக்கு ஒரு தனிப் பங்கரும், வேகம் மாற்றக்கூடிய தனி ஃபீடரும் (அடுப்புக்கு எரிபொருளை ஊட்டும் கருவி) வைத்துவிட்டால் கலவை உங்கள் கையில். இந்த முதலீட்டில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

கரியை 6 மில்லி மீட்டருக்குள் உடைத்துப் படுகைக்கு அடியிலிருந்தும், உமியையும் ஓட்டையும் மேலிருந்தும் போடுவது நல்லது. உமியின் எடையில் அறுபது சதவீதத்துக்கு மேல், கடலை ஓட்டில் இன்னும் கூடுதலாகச் சூட்டில் வாயுவாகப் பிரிந்துவிடும் பொருள். கரியில் அது பாதிக்கும் குறைவு. ஆகவே கழிவின் நெருப்பு பெரும்பாலும் மணலுக்குள் எரிவதில்லை, மேலே வெற்றிடத்தில் எரிகிறது. படுகை மானி 820 காட்டும்போதே மேல் மானி அதைத் தாண்டிப் போகும். மேல் பகுதிக்குத் தனியாக ஊதும் இரண்டாம் காற்று இல்லாவிட்டால் புகைபோக்கியில் கரும்புகை. அந்தக் காற்று போதுகிறதா என்று அறிய எளிய வழி, பின்பக்கச் சாம்பலை எடுத்து உள்ளங்கையில் தேய்ப்பது. வெளிர் சாம்பலாக மாவு போல உதிர்ந்தால் எரிந்திருக்கிறது. கறுத்து விரலில் ஒட்டினால் உங்கள் பணம் புகைபோக்கி வழியாகப் போகிறது.

உமியின் சிலிக்கா உப்புத்தாள் போல. புகையை இழுத்து வெளியேற்றும் ஐ.டி. ஃபேனின் இறக்கைகளையும் குழாய் வளைவுகளையும் அரிக்கும். சீசன் முடிந்ததும் குழாய்ச் சுவரின் தடிமனை அளந்து குறித்து வைப்பதை வழக்கமாக்குங்கள். புகைத் தூசியைப் பிடிக்கும் பை வடிகட்டி வைத்திருப்பவர்கள் அதற்கு முன்னால் சுழல் வடிகட்டி ஒன்றை அவசியம் வையுங்கள். கழிவில் பறக்கும் தீப்பொறி துணிப் பையில் ஓட்டை போட்டுவிடும்.

பாதுகாப்பில் இரண்டு விஷயங்கள். உமி ஃபீடர் வழியாக நெருப்பு பின்னோக்கி ஏறிப் பங்கர் வரைக்கும் வரக்கூடும். காற்றுத் தடைச் சுழலியும் பங்கருக்குள் தண்ணீர்த் தெளிப்பானும் இல்லாமல் ஓட்டாதீர்கள். இரண்டாவது, ஆறிய அடுப்பை மறுபடி பற்றவைக்கும்போது மரக்கரியில் தொடங்கி, பிறகு நிலக்கரி. படுகை நன்றாகச் சிவந்து சூடேறும் வரை உமிப் பக்கம் கை போகக் கூடாது. எரியாத வாயு மேலே சேர்ந்து ஒரேயடியாகப் பற்றினால் அது வெடிப்பு. பழ லாரி தாமதத்தால் அடிக்கடி நிறுத்தி ஓட்டும் நம் ஆலைகளில் இந்தத் தவறு நேர வாய்ப்பு அதிகம். அங்கே நிற்பவன் ஒரு குடும்பத்தின் பிள்ளை.

அரசு அனுமதி பற்றியும் ஒரு வார்த்தை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணையில் உங்கள் எரிபொருள் பெயர் குறித்திருக்கும். கழிவைச் சேர்ப்பதற்கு முன் அதைத் திருத்திக்கொள்ளுங்கள். ஃபீடருக்காக நீர்க்குழாய்ச் சுவரில் கை வைப்பதாக இருந்தால் கொதிகலன்கள் இயக்ககத்தின் ஒப்புதலும் வேண்டும்.

கரிச் சாம்பலும் உமிச் சாம்பலும் கலந்தால் உமிச் சாம்பலுக்கென்று தனியாகக் கிடைக்கும் விலை போய்விடும் என்பது உண்மை. அந்த இழப்பைக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். மறுபக்கம், முப்பது சதவீதக் கலவையில் 90 நாளில் மிச்சமாகும் கரி 415 டன். டன் கரிக்கு ஏறக்குறைய 2 டன் கரியமில வாயு என்று பார்த்தால் 800 டன்னுக்கு மேல் குறைகிறது. ஐரோப்பாவுக்குக் கூழ் அனுப்புபவர்களுக்கு இந்த எண் பேரத்தில் பயன்படும்.

ஆகவே அந்த 6 டன் பாய்லருக்கு என் முடிவு. முதல் சீசனில் 70 பங்கு கரி, 30 பங்கு உமி. தனி ஃபீடர். படுகை வெப்பம் 850 டிகிரியைத் தாண்ட விடாதீர்கள். கடலை ஓடு வேண்டுமென்றால் உமிக்குப் பதிலாக, 20 பங்குக்கு மேல் போகாமல், நாட்டுக் கரியோடு அல்லது தீச்செங்கல் படுகையோடு. காய்ந்த மாங்கொட்டை ஓட்டை ஜூன் கடைசியிலிருந்து பத்துப் பங்கு வரை சேர்த்து, அந்த அளவுக்கு உமியைக் குறையுங்கள். படுகையின் இடது, வலது மானிகளுக்கு இடையே 30 டிகிரி வித்தியாசம் வந்தால் அந்த ஷிப்டிலேயே ஓடு போடுவதை நிறுத்தி, பழைய படுகையில் கால் பங்கை வடித்துப் புதிது போடுங்கள். காலைவரை பார்ப்போம் என்று நான் ஒருமுறை இருந்தேன்.

உமி வாங்கும் இரண்டு அரிசி ஆலைகளிலிருந்தும், ஓடு வாங்கும் மில்லிலிருந்தும் இப்போதே ஐந்து ஐந்து கிலோ மாதிரி எடுத்துச் சாம்பல், ஈரம், பொட்டாசியம், குளோரின் நான்கையும் பரிசோதிக்கக் கொடுங்கள். முடிவு வருவதற்குள் ஓட்டுக்கு ஒரு தகரக் கூரை போட்டுவிடலாம். தையில் முதல் லாரி வரும்போது அது நனையாமல் இறங்க இடம் வேண்டும்.